பிஸ்டனா, கன்வர்ட்டரா, சொட்டு மையா: விலையுயர்ந்த மைப்பேனாக்களில் மை நிரப்பும் முறைகள்

ஏப்ரல் 3

மேலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது:

"வங்கி வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சேர்த்த பணத்தில் வாழ்நாளெல்லாம் வைத்துக்கொள்ள ஒரே ஒரு மைப்பேனா வாங்கப் போகிறேன். நான் படித்துப் பார்த்த வரையில் பிஸ்டன் பேனா மட்டும்தான் உண்மையிலேயே உயர்ந்த பேனா. தங்க நிப்பு, அரக்குப் பூச்சு என்று சொல்லி அரை லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேனாவில் இருக்கும் அதே கன்வர்ட்டரை, கழற்றி மாட்டும் சிறு பிளாஸ்டிக் மைக்குழாயை, உள்ளே செருகித் தருவது வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும். தவறென்றால் சொல்லுங்கள் ஐயா."

ஏப்ரல் 3, இரவு

தம்பி சொல்வதில் முக்கால் பங்கு எனக்கு உடன்பாடு. பிஸ்டன் பேனாவின் பின்குமிழைத் திருகி, உடலுக்குள் இருக்கும் பிஸ்டன் என்ற தண்டை முன்னே இறக்கி, நிப்பை மைப்புட்டியில் கழுத்து வரை அமிழ்த்தி, குமிழை மறுபக்கம் திருகும்போது மை ஏறுகிற இழுப்பு விரலுக்குத் தெரியும். 1929இல் பெலிக்கான் தன்னுடைய முதல் மைப்பேனாவை வெளியிட்டபோது அதில் இருந்தது இந்த முறைதான். தியோடர் கோவாச் என்ற ஹங்கேரியப் பொறியாளரின் அமைப்பு அது. குமிழ் வெளியே சிறிதளவே எழும்ப, உள்ளே பிஸ்டன் நெடுந்தூரம் இறங்கிவிடும்படி அவர் மரைகளை அமைத்திருந்தார். மாண்ட்பிளாங்க் 149 என்ற பருத்த கறுப்புப் பேனா 1952 முதல் இன்றுவரை பிஸ்டன் பேனாதான்.

நான் பத்து ஆண்டுகளாக எழுதிவரும் பெலிக்கான் எம்800 பேனா ஏறத்தாழ 1.3 மி.லி. மை கொள்ளும். என்னிடமுள்ள ஜப்பானிய செய்லர் பேனாவின் கன்வர்ட்டர் 0.7 மி.லி.க்கு மேல் கொள்ளாது. வழக்குக் குறிப்புகளையும் மனுக்களின் முதல் வரைவையும் இன்னும் கையால் எழுதுகிறவன் நான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் ஓடும். வாதம் நடந்துகொண்டிருக்கும்போது மை தீர்ந்துபோகிற பேனாவுக்கு அவ்வளவு விலை கொடுக்க எனக்கும் மனம் வராது.

ஏப்ரல் 5

மையின் அளவுதான் பேச்சு என்றால், பிஸ்டனும் எதிரே நிற்க முடியாத சொட்டு மை முறை நம் வீடுகளிலேயே இருந்தது.

அப்பா திருமங்கலத்தில் பத்திர எழுத்தராக இருந்தவர். கடைசி வரை அவரிடம் இருந்தது கறுப்பு எபோனைட்டில் (கெட்டி ரப்பரில்) கடைந்த, பெயர் பொறிக்காத ஒரு பேனா. கழுத்தைத் திருகிக் கழற்றிவிட்டு, கண்ணாடி பில்லரால் பேனாவின் உடலுக்குள்ளேயே மை விட வேண்டும். பிஸ்டன், பை, குழாய் என்று உள்ளே எதுவும் கிடையாது, உடலே மைக்கூடு. 4 மி.லி. தாராளமாகப் பிடிக்கும். திங்கட்கிழமை காலையில் ஊற்றினால் வியாழக்கிழமை வரை பத்திரம் எழுதுவார். மரையில் மெழுகைத் தேய்த்து இறுக்குவார், கசியாது.

ஆனால் மை கால்வாசிக்கு இறங்கியதும் பேனா கக்கத் தொடங்கும். முத்திரைத்தாளில் எழுதும்போது அப்பாவின் இடக்கையில் எப்போதும் பழைய வேட்டித் துணி ஒன்று மடித்தபடி இருக்கும். பேனா கக்கப் போகிறது என்பது அவருக்கு எப்படியோ முன்னமே தெரிந்துவிடும். வரி முடிவதற்குள் நிப்பை நிமிர்த்தி, துணியில் ஒற்றி, விட்ட எழுத்திலிருந்து தொடர்வார். அவர் எழுதிய பத்திரங்களில் ஒரு மைத்துளியைக்கூட நான் கண்டதில்லை. துணிதான் முழுவதும் நீலமாக இருக்கும்.

காரணம் இதுதான். மை இறங்க இறங்க அந்த இடத்தைக் காற்று பிடிக்கிறது. கைச்சூட்டில் காற்று விரிகிறது. விரிகிற காற்று, நிப்புக்கு அடியில் நாக்கு என்று நாம் சொல்கிற கருங்கட்டை வழியாக மையை வெளியே தள்ளுகிறது. மதுரை வெயிலில் இது இன்னும் மோசமாகும் என்பதால், சித்திரை வைகாசியில் சொட்டு மைப் பேனாவை இந்த ஊரில் சட்டைப்பையில் வைக்கவே கூடாது.

ஏப்ரல் 6

மூன்றாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். கன்வர்ட்டர் வாதத்தின் நடுவே தீர்ந்துவிடும் என்று அளந்து பார்க்காமல் எழுதிவிட்டேன். நேற்றிரவு சிரிஞ்சால் 0.7 மி.லி. மை அளந்து கன்வர்ட்டரில் ஏற்றி, கோடு போட்ட நீளத் தாளில் நடுத்தர நிப்பால் எழுதிப் பார்த்தேன். பதினோராவது பக்கத்தின் பாதியில்தான் தீர்ந்தது. காலையில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் எனக்கே ஒரு நாள் ஓடிவிடும். நாட்குறிப்பு மட்டும் எழுதுகிறவருக்கு ஒரு வாரம் காணும்.

ஏப்ரல் 11

ஐந்தாம் தேதிக் குறிப்பின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். அது தவறு, ஏன் தவறு என்பதை யோசிக்க எனக்கு ஆறு நாள் ஆனது.

மதுரையில் இப்போது பகல் வெப்பம் 38 டிகிரி. உள்ளங்கையின் வெப்பம் 34 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். மின்விசிறி மட்டும் ஓடுகிற அறையில், மேசைமேல் கிடக்கும் பேனா ஏற்கெனவே கையைவிடச் சூடாக இருக்கிறது. கையில் எடுத்தால் அது மேலும் சூடேற வழியில்லை, காற்றும் விரியாது. அப்படியானால் கோடையில் பேனா கக்கவே காரணமில்லை! நினைவைத் தோண்டிப் பார்த்தேன். அப்பாவின் துணி அதிகம் நனைந்ததெல்லாம் மார்கழி, தை மாதக் காலைகளில்தான். இரவெல்லாம் 21, 22 டிகிரியில் கிடந்த பேனாவைக் காலையில் கையில் எடுத்து ஐந்து நிமிடம் எழுதினால் உள்ளிருக்கும் காற்று கைச்சூட்டை எட்டிவிடும். அந்த நேரத்தில்தான் கக்கியிருக்கிறது.

ஆக, பேனாவைக் கக்க வைப்பது வெப்பம் அன்று, வெப்ப மாற்றம். அப்பாவின் அலுவலகத்தில் ஏ.சி. கிடையாது. எனக்கோ நாள் முழுவதும் மாற்றம்தான். ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் நீதிமன்ற அறைக்குள் 24 டிகிரி. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் உச்சி வெயில். என் வெள்ளைக் கழுத்துப்பட்டையில் இதுவரை இரண்டு முறை மை பட்டிருக்கிறது. இரண்டும் உள்ளேயிருந்து வெளியே வந்து, தாழ்வாரத்தில் நின்றபடி கட்சிக்காரருக்கு ஏதோ எழுதிக் காட்ட மூடியைத் திறந்த நேரத்தில் நடந்தவை.

ஏப்ரல் 14

ஊகமாகவே விட மனம் ஒப்பவில்லை. வருடப் பிறப்பு விடுமுறை என்பதால் செய்து பார்த்தேன்.

அப்பாவின் பேனாவில் 1 மி.லி. மை மட்டும் விட்டேன். மீதி 3 மி.லி. காற்று. இரவு முழுவதும் ஏ.சி. அறையில் 24 டிகிரியில் வைத்திருந்துவிட்டு, முற்பகலில் எடுத்து வந்து, வெயில் நேராகப் படாத மொட்டைமாடிக் கொட்டகையில் நிப்பு கீழ்நோக்கி இருக்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். அடியில் வெள்ளைத் தாள். கொட்டகையில் 38 டிகிரி.

முதல் ஆறு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. நாக்கின் பள்ளங்கள் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தன. அதன் பிறகு நிப்பின் முனையில் மை ஒரு மிளகு அளவுக்குத் திரண்டு, வெளிச்சத்தில் ஓரம் மட்டும் நீலமாகத் தெரிய, சற்றே நடுங்கி விழுந்தது. அரை மணி நேரத்தில் நான்கு சொட்டு விழுந்தது. ஐந்தாவது முனையிலேயே தொங்கியபடி நின்றுவிட்டது.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 24லிருந்து 38 டிகிரிக்கு வெப்பம் ஏறினால் காற்று நூற்றுக்கு 4.7 பங்கு விரியும். 3 மி.லி. காற்றுக்கு அது 0.14 மி.லி. ஒரு மி.லி.க்கு இருபது சொட்டு என்று வைத்தால் மூன்று சொட்டுக்கும் குறைவு. எனக்கு விழுந்ததோ ஏறத்தாழ ஐந்து.

ஏப்ரல் 15

திருப்பரங்குன்றத்தில் இயற்பியல் ஆசிரியராக இருக்கும் நண்பர் இரண்டே வாக்கியத்தில் தீர்த்துவைத்தார்: "உள்ளே இருப்பது வெறும் காற்று இல்லையே, சார். மையில் தண்ணீர் இருக்கிறது, அதன் ஆவியை விட்டுவிட்டீர்கள்."

அவர் சொன்னபடி கணக்கிட்டேன். மூடிய இடத்தில் மைக்கு மேலே நிற்கும் காற்றில் நீராவி நிறைந்திருக்கும். 24 டிகிரியில் அந்த ஆவியின் அழுத்தம் வளி அழுத்தத்தில் நூற்றுக்கு 3 பங்கு. 38 டிகிரியில் ஆறரைப் பங்கு. வெப்பத்தால் காற்று விரிவது ஒரு பக்கம் இருக்க, புதிதாக எழுந்த ஆவியும் இடம் கேட்கிறது. இரண்டையும் சேர்த்தால் விரிவு நூற்றுக்கு எட்டரைப் பங்கைத் தாண்டுகிறது. 3 மி.லி.க்கு 0.26 மி.லி., அதாவது ஐந்து சொட்டு. கொட்டகையில் கண்டதும் அதுவே.

இதே கணக்கை மேலூர்த் தம்பி மட்டம் என்று நினைக்கிற கன்வர்ட்டருக்குப் போட்டுப் பார்க்கலாம். அதில் மை தீரும் தறுவாயில்கூட 0.5 மி.லி.க்கு மேல் பெரிதாகக் காற்று இருக்காது. அதே வெப்ப மாற்றத்தில் அது வெளியே தள்ளுவது 0.04 மி.லி., ஒரு சொட்டுகூட இல்லை. நாக்கின் அடியில் சீப்புப் பல்லைப்போல் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். அவற்றின் வேலையே அதுதான். எம்800இல் மை தீரும்போது இரண்டு சொட்டு வரை தள்ளும். பள்ளங்கள் ஓரளவு தாங்கும்.

கொள்ளளவு குறைவு என்பதை நான் இதுவரை குறையாகவே எழுதி வந்திருக்கிறேன். ஏ.சி.க்கும் வெயிலுக்கும் இடையே ஓடுகிறவருக்கு அது பாதுகாப்பாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 19

"அப்படியானால் பெரிய கொள்ளளவுள்ள பேனாவே கூடாதா?" என்று ஒருவர் கேட்கிறார். கூடும், ஆனால் அதற்கு ஒரு கதவு வேண்டும்.

பைலட் கஸ்டம் 823 என்னிடம் இருக்கிறது. உடல் கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். பின்குமிழைக் கழற்றித் தண்டைப் பின்னுக்கு இழுத்து, நிப்பை மையில் அமிழ்த்தி, தண்டை ஒரே மூச்சில் உள்ளே அழுத்த வேண்டும். தண்டின் முனையில் உள்ள அடைப்பு உடலின் சுவரோடு ஒட்டியபடி முன்னே போகையில் அதன் பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. கழுத்தருகே உடல் சற்று அகலும் இடத்தை எட்டியதும் அடைப்புக்குச் சுவரின் பிடி விட்டுப்போகிறது. அந்த நொடியில் மை "சர்"ரென்று பாய்ந்து ஏறும். லண்டன் டி லா ரூ நிறுவனம் 1905இல் ஓனோட்டோ பேனாவில் இந்த முறையைக் கொண்டுவந்தது. பெலிக்கானின் பிஸ்டனுக்கு இது மூத்தது என்பதைத் தம்பி கவனிக்க வேண்டும்.

ஒரே அழுத்தில் முக்கால் பங்குதான் நிரம்பும். நிப்பை மேலே பார்க்கப் பிடித்து, தண்டை இழுத்து, மெல்ல அழுத்தி, மேலே நிற்கும் காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்பினால் 2 மி.லி.யைத் தாண்டும்.

கதவு என்று சொன்னது இதை. குமிழை முழுக்க இறுக்கினால் தண்டின் முனை நாக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடும். கூட்டில் காற்று எவ்வளவு விரிந்தாலும் மை நிப்புக்கு வராது. அதே நிலையில் ஒன்றிரண்டு பக்கம் எழுதலாம்; நீளமாக எழுத வேண்டுமென்றால் குமிழை இரண்டு மில்லிமீட்டர் தளர்த்திவிட்டு எழுத வேண்டும். முதல் மாதத்தில் இது தெரியாமல், பேனா பாதி வரியில் வறண்டுபோகிறது என்று நான் மையை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

நமீக்கி எம்பரர் என்ற மிகப் பெரிய அரக்குப் பேனா, அப்பாவின் பேனாவைப்போலவே உடலில் நேராக மை ஊற்றும் வகைதான். ஆனால் அதிலும் பின்குமிழோடு சேர்ந்த அடைப்பு உண்டு. பில்லரால் மை ஊற்றுவது மலிந்த பேனாவுக்கான முறை என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். அந்த அடைப்பு இருந்திருந்தால் அப்பாவுக்கு வேட்டித் துணி தேவைப்பட்டிருக்காது.

ஏப்ரல் 27

வத்தலக்குண்டிலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். கொடைக்கானலுக்குப் பேருந்தில் போனாராம். கைப்பையில் படுக்கையாகக் கிடந்த பிஸ்டன் பேனாவின் மூடிக்குள் மை தேங்கியிருந்ததாம். மேலே குளிர், காற்று சுருங்கியிருக்க வேண்டுமே, என் கணக்கு ஏன் பொய்த்தது என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி, வெப்பத்தையே பேசிக்கொண்டிருந்த நான் அழுத்தத்தை மறந்துவிட்டேன். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து அங்கே போவதற்குள் வெளியே வளி அழுத்தம் நூற்றுக்கு 20 பங்கு குறைகிறது. குளிர்ச்சியால் வரும் சுருக்கத்தைக் கழித்தாலும் பேனாவுக்குள் இருக்கும் காற்று நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் விரிந்தே தீரும். அவருடைய பேனாவில் பாதி மை இருந்திருந்தால் இரண்டு சொட்டு. மலைப்பாதையின் குலுக்கலும் சேர்ந்திருக்கும். விமானத்துக்குள்ளும் ஏறத்தாழ இதே உயரத்துக்குரிய அழுத்தத்தையே வைத்திருக்கிறார்கள் என்பதால், மதுரையிலிருந்து சென்னைக்குப் பறக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மலை ஏறுமுன் பேனாவை விளிம்பு வரை நிரப்புங்கள், அல்லது காலியாக்குங்கள். நிப்பு மேலே பார்க்கும்படி செங்குத்தாக வையுங்கள். அப்போது காற்று நாக்கை ஒட்டி நிற்கும், விரியும்போது மையைத் தள்ளாமல் தானே வெளியேறும்.

மே 4

கோடை விடுமுறை. நீண்ட நாளாக எழுதாமல் தள்ளிப்போட்டதை இன்று எழுதுகிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் என்னிடமிருந்த வேறொரு பிஸ்டன் பேனாவின் குமிழ் இறுகிப் போனது. கழுவாமல் மூன்று மாதம் அப்படியே வைத்திருந்தது என் தவறு. அடர்ந்த மை பிஸ்டனைச் சுவரோடு ஒட்ட வைத்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்துப் பொறுத்திருக்க வேண்டும். நான் துணியைச் சுற்றிப் பிடித்து வலுவாகத் திருகினேன். "டக்" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு குமிழ் எந்தத் தடையுமில்லாமல் சுழன்றது. உள்ளே பிஸ்டன் நகரவில்லை.

மதுரையில் அதைத் திறக்கத் தெரிந்தவர் எனக்குக் கிடைக்கவில்லை. வெளியூரில் பழுது பார்க்கிற ஓரிடத்துக்கு அனுப்பினேன். ஐந்து மாதம். கேட்கும்போதெல்லாம் "உதிரிப் பாகம் வரவில்லை" என்ற பதில். கடைசியில் பிஸ்டன் சரியாகி வந்தது, ஆனால் நிப்பின் இரு பிளவுகளும் ஒரே மட்டத்தில் இல்லாமல், காகிதத்தைக் கீறுகிற பேனாவாக வந்தது. மறுபடி அனுப்ப எனக்குத் தெம்பில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த ஐந்து மாதமும் நான் எழுதியது கன்வர்ட்டர் போட்ட செய்லர் பேனாவால். அதன் கன்வர்ட்டர் ஒருமுறை இறுகியபோது புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்த எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிஸ்டன் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. பெலிக்கானின் நிப்பு நாக்கோடு சேர்த்துக் கையாலேயே திருகிக் கழற்றும்படி இருக்கிறது. குமிழ் கடினமாகத் தோன்றினால் நிப்பைக் கழற்றி, பல்குத்தும் குச்சியின் நுனியில் கடுகளவு சிலிக்கோன் கிரீஸ் எடுத்து, உடலின் உட்சுவரில் தடவி, பிஸ்டனை ஐந்தாறு முறை மேலும் கீழும் ஓட்டினால் வெண்ணெய்போல் நகரும். கடுகளவுக்கு மேல் போனால் கிரீஸ் நாக்கில் ஏறி மையை வரவிடாமல் தடுக்கும். வாசலின், தேங்காய் எண்ணெய் எதையும் உள்ளே விட வேண்டாம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. குழாய் வாயில் படியும் வெள்ளை, நாக்கின் மயிரிழைப் பள்ளத்திலும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு கழுவலை அதில் செய்கிறேன். கழுவுவதில் பிஸ்டனுக்கும் கன்வர்ட்டருக்கும் உள்ள வேறுபாடு பெரிது: கன்வர்ட்டரை எடுத்துவிட்டுக் கழுத்தின் வழியே சிரிஞ்சால் நாலு முறை தண்ணீரைச் செலுத்தினால் போதும், பிஸ்டனில் அதே தெளிவு வரக் குமிழை இருபது முப்பது முறை திருக வேண்டியிருக்கிறது. திருகத் திருகத் தேய்வதும் பிஸ்டனின் அடைப்புதான்.

மே 5

நேற்று பொதுவாக எழுதியது எல்லாப் பிஸ்டன் பேனாக்களுக்கும் பொருந்தாது. மாண்ட்பிளாங்க் 149இன் நிப்பைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். கையால் முயலக் கூடாது. 1966இல் வந்த லாமி 2000 பேனாவில் கழுத்தே திருகிக் கழல்வதால் உள்ளே எட்டுவது எளிது. ட்விஸ்பி டயமண்ட் 580 விலையில் உயர்ந்த பேனா அன்று என்றாலும், பிஸ்டனைக் கழற்றும் சாவியையும் சிலிக்கோன் கிரீஸையும் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தருகிறார்கள். பத்து மடங்கு விலையுள்ள பேனாக்களின் பெட்டியில் பட்டுத்துணி இருக்கிறது, சாவி இல்லை.

மே 18

மைப்பை வகைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, விட்டுவிட மனமில்லை.

பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோலைத் தூக்கி ரப்பர் பையை அமுக்கும் முறைக்கு அமெரிக்காவின் வால்டர் ஷேஃபர் 1908இல் காப்புரிமை பெற்றார். நம் வெப்பத்தில் ரப்பர் பை நெடுநாள் தாங்காது. சில ஆண்டுகளில் இறுகி உடையும், அல்லது பிசினாக இளகிவிடும். விலையுயர்ந்த புதுப் பேனாவில் இந்த முறை இருந்தால் அழகுக்காக வாங்கலாம், நான் தினமும் எழுத வாங்க மாட்டேன்.

மாமனார் தந்த பார்க்கர் 51 வேறு இனம். 1941இல் வந்த அந்தப் பேனாவுக்கு 1948இல் புது நிரப்பும் முறை கொடுத்தார்கள்: உலோக உறைக்குள் ஒரு ஒளி ஊடுருவும் பை, உறையின் இடைவெளியில் அமுக்குவதற்கு ஒரு தகடு, எப்படி நிரப்புவது என்ற குறிப்பு உறையின் மேலேயே பொறித்திருக்கும். ரப்பர் இல்லை, பிளாஸ்டிக். மாமனார் அதில் கிராமக் கணக்கு எழுதினார். நான் இன்றும் எழுதுகிறேன். பை இன்னும் வளைகிறது, உள்ளே மை தெரிகிறது. என் வயதுக்காரர்கள் கல்லூரியில் வைத்திருந்த ஹீரோ பேனாவில் அமுக்கி நிரப்பியதும் இந்த வழியில்தான்.

இதற்கு நேர் எதிர், அதே நிறுவனம் 1956இல் வெளியிட்ட பார்க்கர் 61. பேனாவின் பின்பக்கத்தைப் புட்டியில் நிறுத்தி வைத்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உள்ளேயிருக்கும் சுருளில் மை தானாக ஏறும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. அதைவிட அழகான யோசனையை நான் பேனாக்களில் கண்டதில்லை. ஆனால் மை உள்ளே காய்ந்துவிட்டால் அந்தச் சுருளிலிருந்து அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு. பின்னாளில் அதே 61 கன்வர்ட்டரோடு வந்தது.

மே 20

கல்லுப்பட்டிக்காரர் ஒருவர் நினைவூட்டியது. சொட்டு மைப் பேனாவுக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இராஜமுந்திரி ரத்னம் கையால் செய்த பேனாவைக் காந்திக்கு அனுப்பியது காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா வழியாக, கடைகளில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாக இருக்கிறது என்று காந்தி 1935இல் ரத்னத்துக்குப் பதில் எழுதினார். அந்தக் குமரப்பா பிற்காலத்தில் வந்து தங்கியது தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்.

நிரப்பும் முறையைப் பற்றிய பேச்சில் இதைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சொட்டு மைப் பேனாவைக் கடைசல் இயந்திரமும் மரை வெட்டத் தெரிந்த கையும் இருந்தால் ஒரு பட்டறையிலேயே செய்துவிடலாம். அதைச் செம்மை பார்ப்பதற்கும் அந்தக் கை போதும். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட்டில் இன்னும் அப்படித்தான் கடைகிறார்கள். அவர்களுடைய பேனாக்களில் இப்போது கன்வர்ட்டரும் கேட்டு வாங்கலாம்.

ஜூன் 2

நாளை நீதிமன்றம் திறக்கிறது. அதற்குமுன் மேலூர்த் தம்பிக்கு முழுப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"ஏமாற்று" என்ற சொல்லை நான் ஏப்ரல் மூன்றாம் தேதி மறுக்காமல் விட்டேன், இப்போது மறுக்கிறேன். செய்லர் தன் மிகப் பெரிய நிப்புள்ள பேனாவிலும் கன்வர்ட்டரையே வைக்கிறது. நகாயாவின் அரக்குப் பேனாக்களிலும் அதுவே. அடுக்கடுக்காக அரக்குப் பூசி மாதக்கணக்கில் காயவைத்த ஓர் உடலை, உள்ளே ஒரு வாசர் தேய்ந்துபோனது என்பதற்காக யாரோ இடுக்கியால் பிடித்துத் திறக்கும்படி விடுவது சரியா என்று யோசித்துப் பாருங்கள். முதலில் தேயும் பாகம் எதுவோ அதையே கழற்றி எறியக்கூடியதாக வைத்திருக்கிறார்கள். பேனா உங்கள் பேரன் கைக்குப் போகும்போது பதினைந்தாவது கன்வர்ட்டரோடு போகும், உடலில் ஒரு கீறல் இல்லாமல்.

ஒன்றில் மட்டும் தம்பியின் கோபம் நியாயமானது. வெறுமனே செருகி நிற்கிற கன்வர்ட்டர், நாளடைவில் பிடி தளர்ந்து கழுத்தோரம் கசியும். அந்த விலைக்கு மரையிட்டுப் பூட்டும் கன்வர்ட்டரை எதிர்பார்க்கலாம். சிலர் தருகிறார்கள், பலர் தருவதில்லை. வாங்குமுன் உடலைக் கழற்றி, கன்வர்ட்டரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

தம்பி மேலூரிலிருந்து மதுரைக்கு இருசக்கர வண்டியில் வந்துபோகிறவர்; நாள் முழுதும் வங்கியில் ஏ.சி.; எழுதுவது இரவில் இரண்டு பக்கம். என்னைக் கேட்டால் கன்வர்ட்டர். நாளைக்கு இருபது பக்கம் எழுதுகிறவராக இருந்தால் அடைப்புள்ள 823ஐச் சொல்வேன். ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதி, அங்கேயே பேனாவை வைத்துவிட்டு எழுகிறவருக்குப் பிஸ்டன் மிகவும் பொருந்தும்.

ஜூன் 16

தம்பி நேற்று மாலை அலுவலகத்துக்கு வந்தார். பையிலிருந்து எடுத்தது கரும்பச்சைக் கோடு போட்ட பெலிக்கான் எம்800.

"எல்லாக் குறிப்பையும் இரண்டு முறை படித்தேன் ஐயா. கன்வர்ட்டர்தான் எனக்குச் சரி. ஆனால் கடையில் குமிழைத் திருகிப் பார்த்த பிறகு கீழே வைக்க முடியவில்லை."

நான் மறுத்துப் பேசவில்லை. பத்து ஆண்டுக்கு முன் நான் என் எம்800ஐ வாங்கியதும் அதே காரணத்துக்காகத்தான். சட்டைப்பையில் நிப்பு மேலே இருக்கும்படி வைக்கவும், மை பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பவும் சொன்னேன். என் சிலிக்கோன் கிரீஸில் பாதியை ஒரு சிறு டப்பாவில் வழித்துக் கொடுத்தேன். மேசையில் செய்தித்தாளை விரித்து, ராயல் புளூ மையில் முதல் முறை நிரப்பினார். மூன்று சொட்டைத் திரும்பப் புட்டியில் விட்டுவிட்டு, நிப்பை மேலே நிமிர்த்திக் குமிழை முடியுமட்டும் திருகி மூடினார். ஏறிய அளவைத் தெரிந்துகொள்ள, மறுபடி அதைச் சிரிஞ்சில் வாங்கிப் பார்த்தோம். 1.2 மி.லி. இருந்தது.